வெட்டுப்பட்ட இலை ஏன் குருத்து விடுகிறது?

கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். களை கொத்தும்போது மண்வெட்டி வேரில் பட்டுவிட்டால், சில வாரங்கள் கழித்துப் பட்ட இடத்திலிருந்து ஒரு கன்று கிளம்பும். கொய்யாவில் பதியம் போடுகிறவர் கிளையின் பட்டையை ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாக உரித்துவிட்டுத்தான் ஈரப்பாசியைக் கட்டுவார். உரிக்காமல் கட்டினால் வேர் இறங்குவது அரிது. இரண்டு இடத்திலும் வேலையைத் தொடங்கி வைப்பது காயம்தான்.

திசு வளர்ப்பு என்பது செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில், ஊடகம் எனப்படும் சத்துக்கூழின் மேல் வைத்து வளர்ப்பது. அந்தப் பாட்டிலுக்குள் நடப்பதும் இதே சங்கதி. ஆனால் திசு வளர்ப்பு என்றதும் ஊடகத்தில் எந்த ஹார்மோன், எத்தனை மில்லிகிராம் என்றுதான் பேச்சு போகிறது. பிளேடு என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரில் மாடித்தோட்டம் போட்டுவிட்டு அடுத்த கட்டமாகத் திசு வளர்ப்பில் கை வைக்கிறவர்கள் இடறி விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். இலைத்துண்டில் மொட்டு வருவது என்பது காயத்தை ஆற்றும் வேலை பாதியில் திசை திரும்புவது. திரும்பும் திசையை ஹார்மோன் சொல்லும். அந்த வேலையைத் தொடங்கி வைப்பது வெட்டு.

செடிக்குக் காயம் ஆறுவது எப்படி?

நமக்குக் காயம் பட்டால் ரத்தத்தோடு செல்கள் ஓடிவந்து அடைக்கின்றன. செடியின் செல்லால் நகர முடியாது. ஒவ்வொன்றும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டு, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கிடக்கிறது. அதனால் வெட்டு விழுந்த இடத்தில் உயிரோடு மிஞ்சிய செல்கள் இருந்த இடத்திலேயே இரண்டு காரியம் செய்யும். ஒன்று, தன் சுவரில் நீர் புகாத சூபரின், லிக்னின் போன்ற பொருள்களைப் பூசி வாசலை அடைப்பது. இன்னொன்று, பிரிந்து பெருகிப் புதிய அடுக்கு போடுவது.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மின்விசிறிக் காற்றிலும், மற்றதை ஈரத்துணி போட்ட டப்பாவில் மூடியை லேசாகத் திறந்தும் வையுங்கள். காற்றில் வைத்தது காய்ந்து சுருங்கி வெடிக்கும். டப்பாவில் இருந்ததன் முகம் சில நாட்களில் தோல்போல இறுகும். ஒன்று, ஒன்றரை வாரத்தில் விரல் நகத்தால் சுரண்டினால் மெல்லிய பட்டை உரியும். அது புதிதாகப் போட்ட தோல், அடியிலிருந்த செல்கள் பிரிந்து அடுக்கியது. ஈரமும் காற்றும் இரண்டும் இருந்தால்தான் இது நடக்கும். டப்பாவை இறுக மூடினால் ஆறுவதற்குள் அழுகிவிடும். இந்த விதி பின்னால் பாட்டிலுக்கும் பொருந்தும், நினைவில் வையுங்கள்.

வெட்டு விழுந்ததும் உள்ளே நடப்பவை வேகமானவை. சில நொடிகளில் கால்சியம் அலையாகப் பரவுகிறது. நிமிடங்களில் ஆக்சிஜனின் வீரிய வடிவங்கள் உருவாகின்றன, ஜாஸ்மோனிக் அமிலம் கூடுகிறது. தாக்குதல் வந்துவிட்டது என்று செடி தனக்குள் போடும் கூச்சல் இது. மணிக்கணக்கில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள், வெட்டுமுகத்துக்கு ஓரிரு அடுக்கு உள்ளே இருக்கும் செல்கள் மறுபடி பிரியத் தொடங்குகின்றன. வெட்டுமுகத்திலேயே இருந்த செல்கள் அதற்குள் செத்துவிட்டிருக்கும். பிரிவது அவற்றின் அண்டைவீட்டுச் செல்கள்.

இந்த அண்டைவீட்டுக்குச் சேதி எப்படிப் போகிறது என்ற கேள்வியை ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டார். செடியின் தனிச் செல்லிலிருந்து முழுச்செடி வரமுடியும் என்ற எண்ணத்தை 1902இல் முன்வைத்தவரும் அவர்தான். அவர் எடுத்த பொருள் நூல்கோல், நம் சாம்பாரில் போடுவதே. பெங்களூர்ச் சந்தையில் கன்னடத்தில் நவிலுகோசு என்று கூவி விற்பார்கள். வெட்டிய முகத்தை நன்றாகக் கழுவிவிட்டால் செல் பிரிதல் குறைந்தது. கழுவிய முகத்தில் நசுக்கிய திசுவைத் தடவினால் மீண்டும் கூடியது. செத்த செல்களிலிருந்து கசிவது எதுவோ உயிருள்ளவற்றைப் பிரியச் சொல்கிறது என்று முடிவுக்கு வந்து, அதைக் காய ஹார்மோன் என்றார்.

நூறாண்டு கழித்து இதற்கு மரபணு அளவில் ஒரு பிடி கிடைத்தது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் விண்ட் 1 என்ற மரபணுவை விவரித்தார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் சில மணி நேரத்தில் அது விழிக்கிறது. விழித்தால் அந்தச் செல்கள், பிரியச் சொல்லும் ஹார்மோனான சைட்டோகைனினுக்குச் சட்டென்று செவிசாய்க்கின்றன. அந்த மரபணுவைச் செயற்கையாக ஓயாமல் வேலை செய்ய வைத்தால், ஹார்மோன் இல்லாத ஊடகத்திலேயே கேலஸ் வந்துவிடுகிறது. கேலஸ் என்பது உருவம் இல்லாமல் பெருகும் செல்திரள்.

ஆறுவதா, முளைப்பதா?

செடி தன் போக்கில் விடப்பட்டால் காயத்தை மூடிவிட்டு நின்றுவிடும். அதைத் தொடர்ந்து பிரியவைத்து, பிரிகிறதை ஒரு குருத்தாகத் திரட்டுவது ஹார்மோன்களின் வேலை. 1955இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் குழுவினர் ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கொதிகலனில் சூடாக்கியதில் கிடைத்த பொருள் செல்களைப் பிரியவைப்பதைக் கண்டு கைனெட்டின் என்று பெயரிட்டார்கள். அது சைட்டோகைனின் வகையைச் சேர்ந்தது. செடியைப் பற்றிய ஒரு பெரிய கண்டுபிடிப்பு மீனிலிருந்து வந்தது. 1957இல் புகையிலைத் தண்டின் சோற்றுத் திசுவில் அவர்கள் காட்டியது இன்றும் திசு வளர்ப்பின் அடித்தளம்: சைட்டோகைனினைவிட ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் மிகுந்திருந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து, இரண்டும் நடுத்தரமாக இருந்தால் கேலஸ். தனித்தனி அளவைவிட இரண்டுக்கும் இடையிலான விகிதம்தான் இங்கே தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். நீங்கள் கலப்பது மட்டும் கணக்கில்லை. துண்டுக்குள் ஏற்கெனவே ஆக்சின் இருக்கிறது. அது இலை நுனியிலிருந்து காம்பை நோக்கி, தண்டில் மேலிருந்து கீழ்நோக்கி ஓடும். வெட்டினால் ஓட்டம் தடைபட்டு, கீழ்முனையில் தேங்கும். அதனால்தான் பதியத்தில் உரித்த வளையத்தின் மேல் விளிம்பில் வேர் வருகிறது, கீழ் விளிம்பில் வருவதில்லை. காம்புத்துண்டைத் தலைகீழாக நட்டால் வேறு முடிவு வருவதற்கும் இதுவே காரணம். துண்டு போடும்போது எது மேல், எது கீழ் என்று ஒரே மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே தட்டில் ஒரு துண்டு வேராகவும் இன்னொன்று மொட்டாகவும் நிற்கும், குற்றம் ஊடகத்தின் மேல் விழும்.

மொட்டு ஒரே நாளில் முடிவாவதில்லை. கான்வால்வுலஸ் கொடியின் இலைத்துண்டுகளைக் கிறிஸ்டியன்சனும் வார்னிக்கும் குறித்த நாட்களில் ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்து 1983இல் எழுதினார்கள். முதலில் செல்கள் கேட்கும் நிலைக்கு வரவேண்டும். காயமும் முதல் சில நாட்களும் தருவது அதைத்தான். அடுத்து ஹார்மோன் சொல்வதைக் கேட்டு, நான் குருத்து என்று உறுதிகொள்ள வேண்டும். உறுதியான பிறகு ஹார்மோனை எடுத்துவிட்டாலும் அது குருத்தாகவே வளரும். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புடைப்பு வருவதற்கு வெகு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பது இதன் சாரம். பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று ஊடகத்தை மாற்றிக் குழப்புகிறவர்கள் இதை அறிந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

எல்லா மொட்டும் புது மொட்டல்ல

கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்ற பெயரில் நாம் அறிந்த ரணகள்ளி இலை விளிம்பில் கன்று வைப்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அந்த விளிம்புக் குழிகளில் கன்றுக்கான திசு இலை வளரும்போதே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இலைக்கோணத்து மொட்டும் அப்படியே, முன்பே இருப்பது. ஓசூர்ப் பக்கம் வாங்கி நடும் திசு வாழையும் பெரும்பாலும் இந்த வகை: கிழங்கின் நுனிக்குருத்தை எடுத்து, பிஏபி என்ற சைட்டோகைனினை அதிகமாகக் கொடுத்து, தேவைப்பட்டால் நுனியை நெடுக்காகப் பிளந்து, உறங்கும் மொட்டுகளை எழுப்புவது. அங்கே வெட்டுக்கு வேலை, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும் நுனியின் அதிகாரத்தை உடைப்பது.

இலைத்துண்டின் நடுவில், மொட்டே இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றும் மொட்டுதான் இந்தக் கட்டுரையின் பொருள். அது புறத்தோலின் ஒரு செல்லிலிருந்தோ, அதன் அடியிலிருக்கும் சில செல்களிலிருந்தோ நேராக வரலாம். அல்லது முதலில் கேலஸ், அதிலிருந்து மொட்டு என்று சுற்றி வரலாம். ஆப்பிரிக்க வயலெட், பெகோனியா என்ற தொட்டிச் செடிகள் இரண்டிலும் புறத்தோலிலிருந்தே மொட்டு கிளம்பும்.

இதனால் வரும் ஏமாற்றம் ஒன்றை வீட்டிலேயே காணலாம். மஞ்சள் விளிம்பு கொண்ட பாம்புச்செடியின் இலையைத் துண்டாக வெட்டி நட்டால், வரும் கன்று விளிம்பில்லாத வெறும் பச்சை. அந்த மஞ்சள் விளிம்பு, வெவ்வேறு மரபுள்ள செல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இருப்பதால் வருவது. புது மொட்டு ஓர் அடுக்கிலிருந்து மட்டும் எழும்பினால் மற்ற அடுக்கு உடன் வராது. இதழில் சக்கரக் கோடு போட்ட ஆப்பிரிக்க வயலெட்டுக்கும் அதே கதி. அவற்றைப் பெருக்க வேண்டுமானால் இலையை நம்பக்கூடாது; பக்கக்கன்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கையால் செய்து பார்க்க

பழகுவதற்கு ஒற்றை நிறப் பூ கொண்ட ஆப்பிரிக்க வயலெட் நல்லது. பெங்களூரின் மிதமான குளிர் அதற்குப் பிடிக்கும், நர்சரிகளில் கிடைக்கிறது. சொல்வதெல்லாம் அரை லிட்டர் ஊடகத்துக்கு.

முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் புகையிலைக்காக வகுத்த எம்எஸ் ஊடகத்தின் வைட்டமின் சேர்ந்த பொடி 2.2 கிராம், சர்க்கரை 15 கிராம், ஊடகத்தை உறையவைக்கும் அகர் 4 கிராம். கடையில் வாங்கும் பொட்டலத்தில் சர்க்கரையும் அகரும் ஏற்கெனவே கலந்திருக்கலாம், அப்போது எடை வேறு. அட்டையைப் படிக்காமல் போட்டால் பாட்டிலில் கல் கிடைக்கும். ஹார்மோனுக்கு பிஏபி லிட்டருக்கு 1 மில்லிகிராம், என்ஏஏ என்ற ஆக்சின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இவ்வளவு சிறிய எடையைத் தராசில் நிறுக்க முடியாது. பிஏபி 100 மில்லிகிராமை ஓரிரு மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முழுக்கக் கரைத்துவிட்டு, பிறகு தண்ணீரை மெதுவாகச் சேர்த்து 100 மில்லிலிட்டராக்குங்கள். அதில் அரை மில்லிலிட்டர் போதும். என்ஏஏவையும் அப்படியே கரைத்து, அதை மேலும் பத்து மடங்கு நீர்த்து, அரை மில்லிலிட்டர் எடுங்கள். முழுக்கக் கரையும் முன் தண்ணீர் ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத துகளாக அடியில் படிந்துவிடும், உங்கள் ஊடகத்தில் ஹார்மோன் இருப்பதாக நீங்கள் மட்டும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு ஊடகத்தின் கணக்கைக் கெடுக்கும். அமில அளவு 5.8க்குக் கொண்டுவந்த பிறகே அகர் போட்டுக் காய்ச்ச வேண்டும். 5க்குக் கீழே போனால் அகர் உறையாமல் கஞ்சியாக நிற்கும்.

அடுத்தது ஊடகத்தை அழுத்த ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது. இதில் பெங்களூருக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. பாடநூல்கள் 15 பிஎஸ்ஐ அழுத்தம், 121 டிகிரி, 15 முதல் 20 நிமிடம் என்று சொல்வது கடல்மட்டத்துக்கு. இந்த நகரம் 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதே 15 பிஎஸ்ஐ காட்டும்போது உள்ளே வெப்பம் 119 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக் குக்கரில் செய்தால் 30 நிமிடம் வையுங்கள். ஆவி பலமாக வந்து உள்ளிருக்கும் காற்று வெளியேறிய பிறகே வெயிட் போட வேண்டும். காற்றும் ஆவியும் கலந்திருந்தால் அழுத்தம் சரியாகக் காட்டினாலும் சூடு போதாது. கூடவே ஒரு பாட்டிலில் கழுவுவதற்கான தண்ணீரையும் வேகவையுங்கள்.

இலை, ரோஜாக்கொத்து போன்ற அடுக்கின் நடுவரிசையில் இருந்து எடுப்பது. அடி இலை மூப்பு, கேட்கும் திறன் குறைந்தது. நுனி இலை மென்மை, ப்ளீச்சில் வெந்துவிடும். ஆப்பிரிக்க வயலெட் இலையின் மயிர் அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும், எனவே சோப்புத் துளி போட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் 20 நொடி. பிறகு ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில், அதாவது ப்ளீச்சில், 10 நிமிடம். பாட்டிலில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். சோப்பு ஒரு துளி சேர்த்தால்தான் மயிருக்கு இடையில் புகும். திறந்து பல மாதமான ப்ளீச் வீரியம் இழந்திருக்கும். அதன்பின் வேகவைத்த தண்ணீரில் மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். இதிலிருந்து எல்லாம், வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையிலோ, கை நுழையத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோ நடக்க வேண்டும். பெட்டி என்றால் உள்ளே ஆல்கஹாலும் நெருப்பும் சேர்ந்து இருக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும் கூட்டு.

வெட்டுக்குப் புது பிளேடு. விளிம்பில் 2 மில்லிமீட்டரை ப்ளீச் கொன்றிருக்கும், அதை வெட்டி எறியுங்கள். மொட்டு தரும் காயம் புதுக்காயமாக இருக்க வேண்டும். மிச்சத்தை, நரம்பு ஒன்று ஊடே போகும்படி, ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள். தீயில் காட்டிய பிளேடை ஆறவிடாமல் வைத்தால் வெட்டுமுகம் வெந்துபோகும்: காயம் இருக்கும், கேட்பதற்கு உயிருள்ள செல் இராது. மழுங்கிய பிளேடும் நசுக்கும். நசுக்கிய சாறு பிரிதலைத் தூண்டுமே என்று ஹாபர்லாண்டை மேற்கோள் காட்டலாம்தான். ஆனால் பாட்டிலில் அந்தச் சாறு எங்கும் ஓடாது, பழுப்பேறிக் கறுத்து விஷமாகும். நாலைந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டில் காயம் அதிகம், தாங்கும் திசு குறைவு, அது செத்துப்போகும். வெட்டிய விளிம்பு ஊடகத்தைத் தொடும்படி வைத்து, லேசாக அழுத்தி மூடுங்கள்.

25 டிகிரி, நாளுக்கு 16 மணி நேரம் சாதாரண எல்இடி வெளிச்சம். ஒரு வாரத்தில் துண்டு உப்பி விளிம்பு சுருளும். அது நல்ல குறி. மூன்றாவது வாரம் முத்துமுத்தான புடைப்புகள், ஆறாவது வாரத்தில் குருத்துகள். ஒரு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் தனித்தனியாகப் பிரித்து, ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஆப்பிரிக்க வயலெட் அங்கே தானாகவே வேர் விடும்.

எங்கே கெடுகிறது

மூன்று நான்கு நாளில் துண்டைச் சுற்றி பால்போன்ற கசிவு வந்தால் பாக்டீரியா, அது பெரும்பாலும் இலையோடு வந்தது. ஊடகத்தின் மேல் வேறிடத்தில் பஞ்சு போல் வந்தால் பூஞ்சை, அது உங்கள் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ. ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் ஈரக்காற்றில் பூஞ்சை கூடுதலாகவே வரும்; பழகுகிறவர் கோடையில் தொடங்குவது புத்திசாலித்தனம். கெட்ட பாட்டிலைத் திறக்காமல் குக்கரில் வேகவைத்த பிறகே கொட்டுங்கள்.

துண்டு பழுப்பாகி ஊடகமும் தேநீர் நிறமானால், காயத்தில் கசிந்த பீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் இதுவே. வாழையில் இது பெருந்தொல்லை. வெட்டிய துண்டை லிட்டருக்கு 100 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் போட்ட வேகவைத்த தண்ணீரில் சற்று நனைத்து வைப்பதும், முதல் சில நாட்களை இருட்டில் வைப்பதும், புது ஊடகத்துக்குச் சீக்கிரம் மாற்றுவதும் உதவும். கரித்தூள் போடலாம், ஆனால் அது பீனாலோடு உங்கள் ஹார்மோனையும் உறிஞ்சிவிடும். மொட்டு வரவேண்டிய கட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

கேலஸ் மட்டும் பெருகிக்கொண்டே போனால் ஆக்சின் கூடிவிட்டது, அல்லது துண்டின் சொந்த ஆக்சினே போதுமானதாக இருக்கிறது. அடுத்த முறை என்ஏஏவைப் பாதியாக்குங்கள், பிஏபியைத் தொடாதீர்கள். குருத்துகள் கண்ணாடிபோலத் தண்ணீர் கோத்து, தடித்து, நொறுங்கினால் பிஏபி கூடியது, அல்லது பாட்டிலுக்குள் ஈரம் தேங்கியது. மூடியை முழுக்க அடைத்து டேப் ஒட்டுவதுதான் பல நேரம் காரணம். காயப்பட்ட திசு எத்திலீன் என்ற வாயுவை விடும், அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொள்ளும். உருளைக்கிழங்கு டப்பாவில் மூடியை லேசாகத் திறந்து வைத்தோமே, அதே காரணம். பாட்டிலுக்கு நுண்துளை வடிகட்டி ஒட்டிய மூடிகள் விற்கின்றன. அவை இல்லாவிட்டால் ஆட்டோகிளேவ் செய்த பஞ்சு அடைப்பு போதும்.

எதுவுமே நடக்காமல் பச்சையாக அப்படியே இருக்கும் துண்டு மிகவும் ஏமாற்றும். அது காயத்தை மூடிவிட்டு நின்றுவிட்டது. பெரும்பாலும் மூப்பான இலை, அல்லது ஹார்மோன் கரையாமல் போனது. அந்தத் துண்டின் விளிம்பை மறுபடி வெட்டிப் புது ஊடகத்தில் வைத்துப் பாருங்கள். இளந்திசுவாக இருந்தால் இரண்டாவது வெட்டுக்குப் பதில் வருவதுண்டு.

கடைசியாகத் தொட்டிக்கு மாற்றும்போது, பாட்டிலில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் படலம் மெல்லியது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. அகரை வெதுவெதுப்பான நீரில் கழுவி, கோகோபீட்டில் நட்டு, தண்ணீர் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி நீக்கி, மூடியோடு இருக்கும் மிச்சத்தைக் கன்றின் மேல் கவிழ்த்துங்கள். மூன்றாவது நாள் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பைக் கூட்டி, மூன்று வாரத்தில் முழுக்க எடுத்துவிடலாம். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதக் காற்று உலர்ந்தது. அப்போது இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.